கங்காவுக்கு இரண்டு அம்மாக்கள்

சென்ற இதழில் பிள்ளை பெற்றவளுக்கு அங்காயப் பொடி செய்து கொடுப்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவே மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி, மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி, பொடியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு வேறு ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்.

"அக்கா, நீங்கள் எப்போதாவது கதையும் எழுதுகிறீர்களே, அதில் வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? எழுதி முடித்தவுடன் போய்விடுகிறார்களா, இல்லை கூடவே இருக்கிறார்களா? ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஒரு தொடர்கதை படிக்கிறேன். அதில் வருகிறவள் பகல் முழுக்க என்னோடயே இருக்கிற மாதிரி இருக்கு. அவளுக்காக அழுகை கூட வருது. என் மாமியார் சிரிக்கிறார். இது பைத்தியக்காரத்தனமா?"

இல்லை, தங்கச்சி. இது பைத்தியக்காரத்தனம் என்றால் மயிலாப்பூரில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் வந்தியத்தேவனைப் பற்றிப் பேசும்போது, ஏதோ அத்தை பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்கள். என் மாமியார் மணிமேகலைக்காக (பொன்னியின் செல்வனில் வருகிறவளைச் சொல்கிறேன்) இன்றைக்கும் ஒரு பெருமூச்சு விடுவார். "பாவம், அந்தப் பெண்ணை அவன் கவனிக்கவே இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே கீரை ஆய்வார்.

எழுதுகிறவர்களுக்கும் இதே பாடுதான். கல்கி 'சிவகாமியின் சபதம்' எழுதுவதற்கு வெகு காலம் முன்பே, ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது அந்த மனிதர்கள் அவர் மனசில் புகுந்துவிட்டார்களாம். பன்னிரண்டு வருஷம் சுமந்து, கடைசியில் 'முற்றும்' போட்ட பிறகுதான் பாரம் இறங்கியது என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். பத்து மாதச் சுமை நமக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷச் சுமையை யோசித்துப் பாருங்கள்!

நம் வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஆரம்பத்தில் எழுதவே வராது. ஐந்து வயசிலேயே கல்யாணமாகித் திருவல்லிக்கேணிக்கு வந்தவர். மனசில் வந்து நின்ற மனிதர்களை எங்கே கொண்டு வைப்பது? வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். அப்படித்தான் அவருடைய முதல் புத்தகம் 'இந்திர மோகனா' உண்டாயிற்று. பிறகு 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கு மேல் நாவலும் எழுதினார். எழுத்து தெரிவதற்கு முன்னாலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள், பார்த்தீர்களா?

ராஜம் கிருஷ்ணன் (1925 - 2014) வேறு மாதிரி. அவரிடம் பாத்திரங்கள் வரவில்லை. அவர்தான் அவர்களைத் தேடிப் போனார். 'கரிப்பு மணிகள்' எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்கும், 'குறிஞ்சித் தேன்' எழுத நீலகிரிப் படுகர் மக்களிடமும் போய், அவர்களோடு பழகிப் பேசித் தெரிந்துகொண்டு வந்து எழுதினவர். பதினைந்து வயசில் கல்யாணமானவர், பள்ளிக்கூடப் படிப்பும் அவ்வளவாக இல்லாதவர் என்பதை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவர்களைப் பற்றி இல்லை. ஜெயகாந்தனின் கங்காவைப் பற்றி. ஒரு எழுத்தாளர் தான் படைத்த பெண்ணை விட முடியாமல், அவளுக்கு ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கதை எழுதினார். எனக்குத் தெரிந்து தமிழில் இதைப் போல இன்னொன்று இல்லை. அதோடு, அந்தக் கங்கா எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு ராத்திரி வந்தாள். அதையும் சொல்கிறேன்.

முதல் கதை 'அக்கினிப் பிரவேசம்'. 1966-ஆம் வருஷம் ஆனந்த விகடனில் வந்தது. மழை கொட்டுகிற ஒரு சாயங்காலம். காலேஜ் பஸ் ஸ்டாப்பில் ஏழைப் பெண் ஒருத்தி தனியாக நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. ஒன்றும் தெரியாத பெண் ஏறிவிடுகிறாள். நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அப்பா இல்லாத வீடு. பக்கத்தில் குடித்தனக்காரர்கள். அம்மா பதறத்தான் பதறுகிறாள், கோபமும் வருகிறது. ஆனால் ஊரைக் கூட்டவில்லை. பெண்ணை உள்ளே அழைத்துப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்கிற அர்த்தத்தில் தேற்றிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அந்தப் பெண்ணுக்கு அதில் பெயர் கூடக் கிடையாது.

இதற்குப் போய் எவ்வளவு பெரிய சர்ச்சை! ஒரு அம்மா இப்படிச் செய்யலாமா, ஒரு குடம் தண்ணீரில் போகிற காரியமா என்று சண்டை. பத்திரிகையில் வருகிற ஒரு பெண்ணுக்காக ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது என்றால், அவள் வெறும் கதாபாத்திரமா, நீங்களே சொல்லுங்கள்.

வேறு யாராக இருந்தாலும் பதில் கட்டுரை ஒன்று எழுதிவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பார்கள். ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? 'சரி, உங்கள் இஷ்டப்படியே அந்த அம்மா கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும், பார்க்கலாமா?' என்று கேட்கிற மாதிரி, அதே பெண்ணை வைத்து ஒரு பெரிய நாவலே எழுதினார். தினமணி கதிரில் தொடராக வந்தது. அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாடமி பரிசும் கிடைத்தது.

இந்த நாவலில் அவளுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. கங்கா. அம்மா கனகம். அந்த ராத்திரி கனகம் வாய்விட்டுக் கத்திவிடுகிறாள். விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். படிக்க வைக்கிற மாமாவின் பார்வையோ சரியில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து கங்கா நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். சம்பளம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் அம்மாவும் பெண்ணும் இருக்கிறார்கள், நடுவில் அந்த ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்று ஒரு எழுத்தாளர் வருகிறார். அவர் பத்திரிகையில் எழுதிய கதைதான் 'அக்கினிப் பிரவேசம்'! கங்கா அதைப் படிக்கிறாள். தன் கதை போலவே இருக்கிறதே, ஆனால் இதில் வருகிற அம்மா வேறு மாதிரி இருக்கிறாளே என்று நெஞ்சு துடிக்கிறது. யார் எழுதினது என்று தேடிப் போகிறாள்.

பாத்திரமே எழுதினவரைத் தேடிப் போகிறது! நான் முதலில் படித்தபோது இதை ஒரு சாமர்த்தியம் என்று மட்டும்தான் நினைத்தேன். லஸ் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த பிரதி ஒன்றைக் கல்யாணமான புதுசில் வாங்கினேன். இன்றைக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. எனக்கு ஒரு அம்மாவைக் கொடுத்தாயே, அப்புறம் ஏன் பிடுங்கிக்கொண்டாய் என்று கங்கா தன்னைக் கேட்பாள் என்று ஜெயகாந்தனுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவள் வந்து கேட்கிறதற்குக் கதைக்குள்ளேயே ஒரு எழுத்தாளரை உட்கார வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1977-ல் ஏ. பீம்சிங் டைரக்‌ஷனில் இது படமாகவும் வந்தது. திரைக்கதை ஜெயகாந்தனே. கங்காவாக நடித்த லக்ஷ்மிக்குத் தேசிய விருது. ஆர்.கே.வி.யாக நாகேஷ். நாவல் முடிந்தது, பரிசு வந்தது, படமும் வந்தது. அப்போதும் அவர் கங்காவை விடவில்லை. 1978-ல் 'கங்கை எங்கே போகிறாள்' என்று மூன்றாவது தடவை எழுதினார். காசியில், தன் பெயர் கொண்ட நதியிலேயே அவளை முடித்தார். முதல் கதையில் தலையில் கொட்டின தண்ணீர் அவளைப் பிழைக்க வைத்தது. கடைசிக் கதையில் தண்ணீரே அவளை எடுத்துக்கொண்டது. இதைப் படித்து நான் மூன்று நாள் அவர் மேல் கோபமாக இருந்தேன்!

வாசகர்களுக்குக் கோபம் வருவது புதுசு இல்லை. இங்கிலாந்தில் கானன் டாயில் என்பவர் ஷெர்லக் ஹோம்ஸ் என்ற துப்பறிகிறவரைப் படைத்தார் அல்லவா, அவருக்கு அந்த ஆள் மேல் அலுப்பு வந்துவிட்டது. கொன்றுவிடப் போகிறேன் என்று 1891-லேயே தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மா கூடவே கூடாது என்று தடுத்துவிட்டார்! இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்து, 1893-ல் சுவிட்சர்லாந்து நீர்வீழ்ச்சி ஒன்றில் தள்ளித் தீர்த்துவிட்டார். ஜனங்கள் விடுவார்களா? 1903-ல் அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. நம் கல்கியும் 'பொன்னியின் செல்வன்' 1954-ல் முடிந்தபோது, நந்தினி என்ன ஆனாள், இன்னார் என்ன ஆனார் என்று கேட்ட வாசகர்களுக்கு, ஒவ்வொருவரைப் பற்றியும் முடிவுரை எழுதிச் சமாதானம் சொன்னார். வீட்டை விட்டுப் போன உறவுக்காரர்களைப் பற்றித் தகவல் சொல்கிற மாதிரி!

ஜெயகாந்தன் மட்டும் சமாதானம் சொல்லவில்லை. அவர் யார்? 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிற்பாடு 2002-ஆம் வருஷத்து ஞானபீட விருது வரைக்கும் வாங்கி, 2015-ல் காலமானவர். இந்தச் சென்னையில் ஒண்டுக்குடித்தனங்களையும் பிளாட்பாரங்களையும் பார்த்து எழுதினவர். கங்காவுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? முதல் கதையிலேயே அதைக் கொடுத்துப் பார்த்தார். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் சொன்ன அம்மாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அப்புறம் மறைக்காமல் எழுதினார். அவ்வளவுதான்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் பெண்ணின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவள் பத்தாவது படிக்கும்போது ஒரு பையன் கொடுத்த கடிதம் அவள் கணக்கு நோட்டில் இருந்தது. அவள் பதில் கூட எழுதவில்லை. தூக்கிப் போடத் தெரியாமல் வைத்திருந்தாள். அன்றைக்கு நான் கத்தின கத்தலில் நாலு குடித்தனமும் கதவைத் திறந்தது. என் மாமியார் வந்து வாயைப் பொத்தினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அப்புறம் அவள் என்னிடம் சாப்பாடு, துணி, ஃபீஸ் இதைத் தவிர வேறு எதுவும் பேசுவது நின்றுபோயிற்று. "காலேஜ் எப்படிடி?" என்றால் "நல்லாருக்கு." அவ்வளவுதான். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. வளர்கிற பெண் இப்படித்தான் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன கார்த்திகை மாசம், நல்ல மழை. அடையாறு பக்கம் சிநேகிதி வீட்டுக்குப் போனவள் ஆறரைக்கு வர வேண்டும். ஏழு, எட்டு, எட்டரை. போன் அடித்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. இவர் குடையை எடுத்துக்கொண்டு மந்தைவெளி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு வயிறு கலங்கி, கலக்கம் முற்றிக் கோபமாகிவிட்டது. நம்மில் நிறையப் பேருக்கு இது உண்டு. பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும்.

ஒன்பதே காலுக்கு வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட ஈரம். முகத்தில் ரத்தமே இல்லை. "எங்கேடி சுத்திட்டு வரே?" என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். நிஜமாகவே வாயைத் திறந்தேன். எதிர்க் குடித்தனக் கதவு ஒரு சாண் திறந்தது. அந்த நிமிஷம் எனக்கு யார் ஞாபகம் வந்தது தெரியுமா? கனகம். பன்னிரண்டு வருஷம் பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்தும் அவளை இழந்துவிட்ட கனகம்.

வாயை மூடிக்கொண்டேன். "வா கண்ணா, உள்ளே வா. சாப்பிட்டியா?" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையது போல் இருந்தது.

அவள் ஒன்றும் பேசவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன். சுக்கு தட்டிப் போட்டுக் காபி கொடுத்தேன். இவரையும் மாமியாரையும் கண்ணாலேயே உள்ளே போகச் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குத் தானாகச் சொன்னாள்.

பஸ்ஸில் ஒருத்தன் உரசியிருக்கிறான். நகர்ந்து நின்றால் கூடவே நகர்ந்திருக்கிறான். பயத்தில் நடுவிலேயே இறங்கினால் அவனும் இறங்கிப் பின்னாலேயே வந்திருக்கிறான். போனில் தண்ணீர் இறங்கி அணைந்துவிட்டது. ஒரு பூக்காரம்மாவிடம் ஓடியிருக்கிறாள். அந்த மகராசி, "நீ இங்கன குந்து கண்ணு" என்று தன் பிளாஸ்டிக் ஷீட்டுக்குள்ளேயே இவளை உட்கார வைத்துக்கொண்டு, அவன் போகிற வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காவல் இருந்திருக்கிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் என் பெண் சொன்ன வார்த்தைதான் என்னை உலுக்கிவிட்டது.

"அவன் போனதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் அங்கேயே உக்காந்திருந்தேம்மா. வீட்டுக்கு வந்தா நீ கத்துவேன்னு பயமா இருந்தது."

அவனைக் காட்டிலும் என்னிடம் அதிகப் பயம்! அந்த மழையில், ராத்திரி ஒன்பது மணிக்கு, தன் வீட்டுக்கு வரப் பயந்துகொண்டு என் பெண் தெருவில் உட்கார்ந்திருந்தாள். இதைவிட ஒரு அம்மாவுக்கு வேறு தண்டனை வேண்டுமா? பத்தாவது படிக்கும்போது நான் கத்தினதற்கான வட்டியை அன்றைக்குத்தான் கட்டினேன்.

மறுநாள் அவளும் அவள் அப்பாவுமாகப் போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பூக்காரம்மாவுக்கு நானே போய் ஒரு புடவை கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

இங்கே ஆரோக்கியப் பக்கத்துக்கு வேண்டிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கதையில் அந்த அம்மா கொட்டின தண்ணீர் பெண்ணின் மனசுக்கான மருந்து. 1966-ல் ஒரு ஏழைத் தாய்க்கு வேறு வழியும் தெரியாது. ஆனால் இன்றைக்கு, பகவான் புண்ணியத்தில் அப்படி எதுவும் நடக்க வேண்டாம், நடந்துவிட்டால் குளிக்க வைக்காதீர்கள். உடுப்பையும் துவைக்காதீர்கள். அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள். சாட்சியம் அதில்தான் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாக முதல் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். கர்ப்பம் தங்காமல் இருக்கவும், எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் இருக்கவும் கொடுக்கிற மருந்துகளை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்ட விடக் கூடாது. பதினெட்டு வயசுக்கு உட்பட்ட குழந்தை என்றால் 2012-ல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற நம்பர்களை அரிசி டப்பா மூடியிலாவது எழுதி ஒட்டி வையுங்கள்.

ஊர் வாயில் விழாமல் காப்பாற்றுவது வேறு, நடந்ததை அப்படியே புதைத்துவிடுவது வேறு. எதிர் வீட்டுக்குச் சொல்ல வேண்டாம். டாக்டருக்கும் போலீசுக்கும் சொல்லத்தான் வேண்டும். அதற்கும் முன்னால், பெண்ணிடம் "உன் மேல் தப்பு இல்லை" என்று சொல்ல வேண்டும். இந்த முதல் வார்த்தையை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் ஜெயகாந்தன்.

சரி, தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். பாத்திரங்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

அந்த ராத்திரி நடந்ததைக் கதையாக எழுதலாம் என்று ஒரு மாதம் கழித்து உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஜானகி என்று பெயர் வைத்தேன். நானேதான், ஆனால் கொஞ்சம் உயரம், கொஞ்சம் சிவப்பு! ஜானகியைக் கத்தாமல் இருக்க வைத்தால் கதை சப்பென்று இருந்தது. கத்த வைத்தேன். வாசலில் ஈரத்தோடு நிற்கிற பெண் என்னை ஒரு பார்வை பார்த்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நாலைந்து நாள் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். இவர், "என்ன, உன் ஜானகி கோவிச்சுண்டாளா?" என்று கேலி செய்தார். காகிதத்தில் இருக்கிற ஒரு பெண்ணை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறேனே என்று குற்ற உணர்ச்சியாக இருந்தது எனக்கு. ஜெயகாந்தன் தன் கங்காவை எத்தனை வருஷம் இப்படி வாசலில் பார்த்திருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

கிழித்துப் போடப் போனேன். என் பெண் வாங்கிப் படித்தாள். "கிழிக்காதேம்மா. இந்த அம்மா கத்தட்டும். கத்துற அம்மாக்களும் படிப்பாங்க இல்ல?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கடைசில அவளை உள்ளே கூப்பிட்டுடு" என்றாள்.

கூப்பிட்டுவிட்டேன். அதற்கு எனக்குப் பதினெட்டு பக்கம் ஆயிற்று! கதை இன்னும் பீரோவில் புடவைக்கு அடியில்தான் இருக்கிறது. ஜானகி மட்டும் போகவில்லை. பால் பொங்கும்போது, கோபம் வரும்போது, பக்கத்தில் வந்து நின்று, "நான் பட்டது போதாதா?" என்பது போல் பார்க்கிறாள். கூடவே கனகமும் இருக்கிறாள். இரண்டு பேரும் இருக்கிறபடியால் எங்கள் வீட்டில் இப்போது சத்தம் குறைச்சல்.

ஆகவே சகோதரி, உன் தொடர்கதைக்காரி கூடவே இருக்கட்டும், துரத்தாதே. குழந்தைக்குப் பசிக்கும்போது மட்டும் அவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல். மாமியார் சிரித்தால் அவருக்கும் ஒரு அத்தியாயம் படித்துக் காட்டு. அடுத்த வாரம் அவரே, "அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார், பாரேன்!

வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடுகளுக்கு ஒரு யோசனை. 'அக்கினிப் பிரவேசம்' சின்னக் கதைதான், அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அது உள்ள ஜெயகாந்தன் சிறுகதைத் தொகுதி ஒன்றைப் பேட்டை நூலகத்திலோ, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு பெண் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். "படிச்சியா, என்ன புரிஞ்சுது?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். அவளே ஒருநாள், "அம்மா, நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்பாள். அதற்குப் பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் யோசித்து வைக்கவில்லை. கனகம் இருந்தாளோ, பிழைத்தேன்.